மலையுச்சிக் கோட்டைச் சிதிலம்: ஏறும் வழியிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்

நான் முதல்முறை செய்த தவறைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். ஐரோப்பாவில் ஒரு மலையுச்சிக் கோட்டை. தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று ஏறினேன். மேலே போனால் நாலு மொட்டைச் சுவர், முழங்கால் உயரப் புல், வெயிலில் வெளுத்துப்போன ஒரு தகவல் பலகை. சுற்றிவர இருபது நிமிடம் ஆயிற்று. கூட வந்தவர், "இதுக்கா இவ்வளவு ஏற்றம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பதில் பிறகுதான் கிடைத்தது. கோட்டையின் பாதியை ஏறும் வழியிலேயே பார்க்காமல் தாண்டி வந்திருந்தேன். மீதிப் பாதி, நான் வெறும் ஓட்டை என்று நினைத்த சுவர்த் துளைகளில் இருந்தது. அரண்மனையை உள்ளே போய்ப் பார்த்தால் போதும். கோட்டையை அடிவாரத்திலிருந்தே, முற்றுகையிட வந்தவன் கண்ணால் பார்த்துக்கொண்டு ஏற வேண்டும். அப்படி ஏற நினைக்கிற புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் கோட்டை?

முதலில் பெயரில் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஜெர்மானிய நாடுகளில் வரைபடத்தில் தேடும்போது 'புர்க்' என்றால் அரணுள்ள கோட்டை, 'ஷ்லோஸ்' என்றால் பெரும்பாலும் பிற்கால மாளிகை. 'புர்க்ரூயினே' என்று இருந்தால் சிதிலம். நமக்கு வேண்டியது அதுதான். செக் மொழியில் 'ஹ்ரட்' கோட்டை, 'ஸாமெக்' மாளிகை. பிரெஞ்சில் 'ஷத்தோ' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் வரும், ஒயின் தயாரிக்கும் பண்ணை வீட்டுக்குக்கூட வரும். அதனால் 'ஷத்தோ ஃபோர்' என்று தேடுங்கள். நாட்காட்டிப் படங்களில் பார்த்து மயங்கும் நோய்ஷ்வான்ஸ்டைன், இடைக்காலக் கோட்டையே அல்ல. 1869இல், ரயில் ஓடத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு கட்ட ஆரம்பித்தது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இங்கிலாந்தின் கார்ஃப், வேல்ஸின் கரேக் கென்னென், பிரான்ஸின் ஷத்தோ கயார், ஸ்லோவாக்கியாவின் ஸ்பிஷ் ஆகிய நான்கில் ஒன்று. ஏற்றம் அதிகம் வாட்டாது, பார்க்கவும் நிறைய மிஞ்சியிருக்கிறது. பெரிய இடம் வேண்டும் என்றால் ஸ்பிஷ். சுமார் நான்கு ஹெக்டேர் பரப்பு, 1993இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது.

பிரான்ஸின் தெற்கில் 1207 மீட்டர் உயரச் சிகரத்தில் இருக்கும் மான்செகூரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் செங்குத்து. தவிர, அங்கே ஒரு சிக்கல் உண்டு. கத்தார் (Cathar) என்ற இடைக்காலக் கிறிஸ்தவ மதப்பிரிவினர் முற்றுகையைத் தாங்கி நின்று, 1244 மார்ச்சில் சரணடைந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிக்கப்பட்ட கதைக்காகத்தான் எல்லோரும் அங்கே போகிறார்கள். ஆனால் இன்று உச்சியில் நிற்கும் சுவர்கள் அவர்கள் இருந்தவை அல்ல, பிறகு கட்டப்பட்டவை. தெரியாமல் போனால் தப்பான கல்லைத் தொட்டு நெகிழ்ந்துவிட்டு வருவீர்கள்.

கிளம்பும் முன்

திறக்கும் நேரத்தைவிட, கடைசியாக உள்ளே விடும் நேரம் எது என்று பாருங்கள். பல இடங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம்வரை இடைவெளி இருக்கும். சில இடங்களில் சீட்டு கீழேதான் விற்பார்கள். மேலே ஏறிப் போய், "சீட்டு எங்கே?" என்ற கேள்விக்காக மறுபடி இறங்குவது போன்ற அலுப்பு வேறில்லை. மாறாக, வேல்ஸின் டினாஸ் ப்ரான் போன்ற இடங்களுக்கு வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. எப்போது வேண்டுமானாலும் ஏறலாம். ஆனால் மேலே கழிவறையோ கூரையோ கிடையாது.

வானிலையை ஊருக்குப் பார்க்காதீர்கள், மலைக்குப் பாருங்கள். தென் பிரான்ஸின் பெய்ர்பெர்த்தூஸ் மாதிரி மலைமுதுகில் நீண்டு கிடக்கும் கோட்டைகளில் இடி மழை வந்தால் ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம்: சுற்றுவட்டாரத்தில் எல்லாவற்றையும்விட உயரமான இடம், பிடித்து ஏற இரும்புக் கம்பி. காற்றும் அப்படித்தான். கீழே இலை அசையாது. மேலே வாயில் வளைவுக்குள் நுழைந்ததும் தொப்பி பறந்திருக்கும்.

குளிர்காலத்தில் போனால் இன்னொரு விஷயம். நிலவறைகளும் சுரங்க வழிகளும் மூடியிருக்கலாம். ஜெர்மனியில் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்ளும் இத்தகைய இடங்களுக்குள் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை நுழையச் சட்டப்படி தடை உண்டு. பூட்டிய கம்பிக்கதவைப் பார்த்து முறைக்காதீர்கள், உள்ளே தூங்குகிறார்கள்.

எடுத்துப் போக வேண்டியவை அதிகமில்லை. அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் காலணி முக்கியம். சுண்ணாம்புக்கல் படிகள் நூற்றாண்டுக் கணக்கான காலடிகளில் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் சோப்புக்கட்டிமேல் நடப்பது மாதிரிதான். தண்ணீர், காற்றுக்கு ஒரு மேலாடை, முழுக்கால் சட்டை. கைவிளக்கு ஒன்று, கைப்பேசி விளக்கு போதும் என்று நினைப்பீர்கள், போதாது. சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே போனால் பார்க்க வேண்டிய முக்கால்வாசி விஷயம் தலைக்கு மேல் பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும். கோட்டையின் தரைவரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். மலைமேல் சமிக்ஞை கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

நடுப்பகல் வேண்டாம். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சுவரின்மேல் சாய்வாக விழும்போதுதான் உளி தடம், அடைத்த ஜன்னலின் விளிம்பு, பழைய கூரை ஒட்டியிருந்த தழும்பு எல்லாம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

அடிவாரத்தில் பத்து நிமிடம்

வண்டியை விட்டு இறங்கியதும் ஏற வேண்டாம். பத்து நிமிடம் நின்று மலையைப் பாருங்கள். "நான் இதைப் பிடிக்க வந்திருந்தால் எந்தப் பக்கம் ஏறுவேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று பக்கம் செங்குத்துப் பாறை, நாலாவது பக்கம் மட்டும் பின்னால் இருக்கும் மலையோடு ஒரு கழுத்துபோல் இணைந்திருக்கும். மலைக்கோட்டைகளில் அடிக்கடி காணும் அமைப்பு இது. பலவீனம் அந்தக் கழுத்தில்தான். கட்டியவனுக்கும் அது தெரியும். அதனால்தான் அங்கே பாறையைக் குடைந்து அகழி வெட்டியிருப்பான். வெட்டிய கல் வீணாகாது, அதே கல்லில் மதில் எழும்பும். அகழியும் மதிலும் ஒரே பாறை என்று தெரிந்து பார்த்தால், அகழி சும்மா ஒரு பள்ளமாகத் தோன்றாது.

ஷத்தோ கயார் இதற்கு நல்ல பாடம். இங்கிலாந்து அரசர் சிங்கநெஞ்சன் ரிச்சர்ட் 1196 முதல் 1198 வரை, அந்தக் காலத்துக்கு நம்ப முடியாத வேகத்தில், செய்ன் ஆற்றுக்கு மேலே சுண்ணாம்புப் பாறையில் கட்டியது. ஒன்றை இழந்தால் அடுத்தது என்று அடுக்கடுக்கான அரண்கள். எல்லாம் சேர்ந்து ஒரே திசையை, அந்தக் கழுத்துப் பக்கத்தை, நோக்கி முறைத்துக்கொண்டு நிற்கின்றன. பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப்பின் படை 1203இல் முற்றுகையிட்டு, அதே பக்கமாக ஒவ்வொரு அரணாகப் பிடித்து, 1204 மார்ச்சில் முழுதாகக் கைப்பற்றியது. நடுவில் சில வீரர்கள் கழிவறைத் துவாரம் வழியாக உள்ளே ஏறினார்கள் என்பது புகழ்பெற்ற கதை. அது கழிவறையா, சிற்றாலயத்தின் ஜன்னலா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அங்கே போனால் தயவுசெய்து கழுத்துப் பக்கத்திலிருந்து நடந்து வாருங்கள். ஆற்றுப் பக்கமிருந்து பார்த்தால் அது அழகான படம் மட்டும்தான்.

வாயிலில் நில்லுங்கள்

எல்லோரும் வேகமாகக் கடந்து போகும் இடம் வாயில். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

இரண்டு பக்கச் சுவரிலும் ஒரு கை அகலத்துக்கு மேலிருந்து கீழாக ஒரு பள்ளம் ஓடுகிறதா பாருங்கள். மேலிருந்து இறங்கும் கனமான சட்டக்கதவு ஓடிய தடம் அது. அப்படியே அண்ணாந்து பாருங்கள். வளைவுக் கூரையில் துளைகள் இருந்தால், கீழே மாட்டிக்கொண்டவன் தலையில் கல்லைப் போடுவதற்கு. வாயிலுக்கு யாராவது தீ வைத்தால் தண்ணீர் ஊற்றி அணைக்கவும் அதே துளைதான். 'கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்கள்' என்று வழிகாட்டிகள் சொன்னால் பாதி நம்புங்கள். எண்ணெய் விலை உயர்ந்த பொருள்; மலையுச்சியில் குடம் குடமாக ஊற்ற யாருக்கும் மனசு வராது. கல், வெந்நீர், சுடுமணல் எல்லாம் மலிவு.

பிறகு கதவு இருந்த இடத்துக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், சுவரில் ஒரு சதுரத் துளை தேடுங்கள். கதவுக்குக் குறுக்கே போடும் கணையமரம் செருகி வைத்த துளை. ஒருமுறை அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். வெளியே நல்ல வெயில். உள்ளே கல் ஈரமாக, ஜில்லென்று இருந்தது. முழங்கை போயிற்று, தோள்பட்டை சுவரில் முட்டிற்று, விரல் இன்னும் எதையும் தொடவில்லை. கதவைத் திறக்கும்போது அந்த மரம் முழுவதும் சுவருக்குள் போய்விடும், மூடும்போது இழுத்து எதிர்ச்சுவரில் செருகுவார்கள். துளையின் கீழ் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. தினமும் காலையும் மாலையும் அதை இழுத்த கைகளின் வேலை. (கையை விடும் முன் விளக்கடித்துப் பாருங்கள். குளவிகளுக்கும் அந்தத் துளை பிடிக்கும்.)

துளைகளைப் படிப்பது

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது வெறுமை. கூரை இல்லை, தளம் இல்லை. மரத்தில் செய்த எல்லாம் போய்விட்டன. ஆனால் மரம் கல்லில் தன் தடத்தை விட்டுப் போயிருக்கிறது.

சுவரில் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சதுரத் துளைகள் இருந்தால், உத்திரங்கள் செருகியிருந்த இடம். அந்த வரிசைதான் ஒரு தளம். அதற்கு மேல் இன்னொரு வரிசை இருந்தால் இரண்டாம் தளம். ஒரு வரிசையைக் கண்டுபிடித்ததும் மனதுக்குள் பலகை விரித்துவிடுங்கள். இப்போது அதுவரை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கணப்பு அடுப்புக்கு அர்த்தம் கிடைக்கும். ஐந்து மீட்டர் உயரத்தில், ஏணிகூட எட்டாத இடத்தில் அடுப்பு எதற்கு என்று யோசித்தீர்களே, அது ஒரு அறையின் தரைமட்டம். பக்கத்து ஜன்னலின் இரண்டு ஓரத்திலும் கல் இருக்கைகள் இருந்தால், அங்கே யாரோ வெளிச்சத்துக்காக உட்கார்ந்து தைத்திருக்கலாம், கடிதம் படித்திருக்கலாம். அடுப்பும் கல் இருக்கையும் உள்ள தளம் பெரிய மனிதர்கள் இருந்தது. ஒல்லியான துளைகள் மட்டும் உள்ள கீழ்த்தளம் பண்டகசாலை.

ஆனால் எல்லாத் துளையும் உத்திரத் துளை அல்ல. சின்னதாக, சுவர் முழுக்க ஒழுங்கான இடைவெளியில் மேல்வரை தொடர்ந்து போனால், கட்டும்போது சாரம் போட்ட துளைகள். கொத்தனார்கள் கழியைச் செருகி, நின்று கட்டி, உயர உயரப் போயிருக்கிறார்கள். ஒரு துளை வரிசைக்கும் அடுத்ததுக்கும் உள்ள உயரத்தைப் பாருங்கள்: ஒரு ஆள் நின்றுகொண்டு கை எட்டும் வரை கட்டக்கூடிய உயரம்.

அம்பு எய்யும் துளையை வெளியிலிருந்து மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வெளியே விரல் அகலம், உள்ளே ஆள் நிற்கும் அகலம். அதற்குள் போய் நின்று வலமும் இடமும் நகர்ந்து பாருங்கள், நீங்கள் ஏறி வந்த பாதை எவ்வளவு தெரிகிறது என்று. மூச்சு வாங்க நீங்கள் நின்ற திருப்பம் சரியாக அந்தக் கீற்றுக்குள் வரும். எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு கணம் முதுகு சில்லிட்டது.

சுருள் படிக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது வலப்புறமாகச் சுற்றும் படிகள், மேலிருந்து வாள் வீசும் வலக்கைக்காரனுக்கு வசதியாக அமைக்கப்பட்டவை என்று எல்லாக் கோட்டையிலும் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் யாரும் அப்படி எழுதி வைத்ததற்குச் சான்று இல்லை. எதிர்ப்பக்கம் சுற்றும் படிகளும் இருக்கின்றன.

இன்னொன்று, நிறம். கறுத்த கல்லைப் பார்த்துவிட்டு அந்தக் கால மக்கள் இருண்ட குகையில் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல கோட்டைகளுக்குப் பூச்சும் வெள்ளையும் உண்டு. லண்டனின் 'வெள்ளைக் கோபுரம்' என்ற பெயரே 1240இல் அடித்த வெள்ளையால் வந்தது. மழை படாத மூலைகளில், ஜன்னல் உள்வளைவுகளில் தேடினால் உள்ளங்கை அளவு பூச்சு எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் எங்கே?

எந்த மலைக்கோட்டையிலும் நான் முதலில் தேடுவது கிணற்றைத்தான். மதில் எவ்வளவு உயரம் இருந்தாலும் குடிக்கத் தண்ணீர் இல்லையென்றால் சில நாளில் கதை முடிந்துவிடும். ஜெர்மனியின் கிஃப்ஹாய்சர் கோட்டையில் பாறையைக் குடைந்து 176 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் பீஸ்டன் கோட்டையிலும் 100 மீட்டருக்கு மேல் ஆழம். கையால், உளியும் சுத்தியலும் கொண்டு, கீழே போகப் போக மூச்சுக்குத் திணறிக்கொண்டு வெட்டியது. கோபுரத்தைக் கட்டியதைவிட இதுதான் கடினமான வேலை என்று எனக்குத் தோன்றும். எத்தனையோ இடங்களில் அவ்வளவு ஆழம் வெட்ட முடியாமல் கூரை மழைநீரைத் தொட்டிகளில் பிடித்தார்கள்.

கரேக் கென்னெனில் வேறு மாதிரி. மதிலை ஒட்டிய குறுகலான வழி ஒன்று மலைக்குள் இருக்கும் இயற்கைக் குகைக்கு இறங்குகிறது. கைவிளக்கு இல்லாமல் போக முடியாது. படிகள் ஈரம், கூரை தாழ்வு. கடைசிவரை போய், ஒரு நிமிடம் விளக்கை அணைத்துவிட்டு நின்று பாருங்கள். சொட்டும் சத்தம் மட்டும் இருக்கும். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகள் கூட இருந்தால் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

எப்படி இடிந்தது?

மேலே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது இதைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். பெரும்பாலும் யாரோ வேண்டுமென்றே இடித்ததுதான்.

மதில் பெரிய பெரிய துண்டாக, கட்டியபடியே சாய்ந்து கிடந்தால் வெடிமருந்து. கார்ஃபில் இதைப் பாடப்புத்தகம்போல் பார்க்கலாம். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படை பிடித்த பிறகு 1646இல் அடித்தளத்தைத் தோண்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். நுழைவாயில் ஒன்றின் ஒரு பாதி உடையாமலே சரிவில் கீழே இறங்கி நின்றுவிட்டது. இரண்டு பாதிக்கும் நடுவில் நின்றால் ஒரே வளைவின் இரண்டு முனைகள் வேறு வேறு உயரத்தில் இருக்கும்.

வெடிமருந்து இல்லாமலும் சிரத்தையாக இடித்திருக்கிறார்கள். கரேக் கென்னெனை 1462இல் இடிக்க 500 பேர் கடப்பாரையும் பிக்காசும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிரான்ஸில் அரசே உத்தரவு போட்டது: ஷத்தோ கயாரை இடிக்க 1599இல் நான்காம் ஹென்றி, எல்லையில் இல்லாத கோட்டைகளை எல்லாம் இடிக்கச் சொல்லி 1626இல் இன்னோர் ஆணை. ரைன் நதிக்கரையில் 1689 என்ற ஆண்டு திரும்பத் திரும்ப வரும். பதினான்காம் லூயியின் படை போகிற வழியில் தகர்த்த ஆண்டு அது. ஸ்பிஷை யாரும் இடிக்கவில்லை. 1780இல் தீப்பிடித்தது, அப்படியே கைவிட்டார்கள்.

கடைசியாக வருபவர்கள் ஊர்க்காரர்கள். நன்றாகச் செதுக்கிய மூலைக்கற்களையும் ஜன்னல் கற்களையும் பெயர்த்துத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். கோபுரத்தின் மூலைகள் மட்டும் எலி கடித்ததுபோல் இருந்தால் அதுதான் காரணம். திரும்பும்போது அடிவாரத்து வீடுகளின் சுவர்களைப் பாருங்கள், ஏதாவது கொட்டகையில் ஓர் அழகான கோட்டைக்கல் சம்பந்தமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும்.

செய்யக் கூடாதவை

சுவர்மேல் ஏறாதீர்கள். இடைக்காலச் சுவர் வெளியே இரண்டு தோல், உள்ளே கல்லும் சாந்தும் போட்ட நிரப்பு. கூரை போனபின் நூற்றாண்டுகளாக மழை உள்ளே இறங்கிச் சாந்தைக் கரைத்திருக்கும். பார்க்க உறுதி, காலை வைத்தால் கல் புரளும். படம் எடுக்கும்போது பார்க்காமல் பின்னால் நடப்பதுதான் இன்னும் ஆபத்து. கைப்பிடிச் சுவர் எல்லா இடத்திலும் இருக்காது.

கிணற்றில் கல் போட்டு ஆழம் பார்க்க வேண்டாம். நினைவுக்கு என்று சின்னக் கல்லைக்கூடப் பையில் போட வேண்டாம். உலோகம் தேடும் கருவியைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் அனுமதியின்றிப் பயன்படுத்துவது பிரிட்டனில் குற்றம். ட்ரோனுக்கும் பெரும்பாலான இடங்களில் தடை உண்டு. கோபுரப் பொந்துகளில் பறவைகள் முட்டையிட்டிருக்கும் காலத்தில் அதைப் பறக்கவிடுவது தடை இல்லாவிட்டாலும் தப்பு.

இறங்கும்போது

ஏறுவதைவிட இறங்கும்போதுதான் வழுக்கும். கால் தளர்ந்திருக்கும், கவனம் சாப்பாட்டில் இருக்கும். மூடும் நேரத்துக்கு முன் அரை மணியாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள். வேறு பாதை இருந்தால் அதில் இறங்குங்கள், கோட்டையின் இன்னொரு முகம் தெரியும்.

கீழே வந்ததும் ஒரு வேலை இருக்கிறது. கோட்டைப் புல்லில் உண்ணிகள் இருக்கும். வசந்தம் முதல் இலையுதிர் காலம்வரை ஐரோப்பாவில் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது, லைம் நோயைப் பரப்புபவை. முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், குழந்தைகள் என்றால் தலைமுடி ஓரமும் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் தடவுவது, தீயால் சுடுவது எல்லாம் வேண்டாம். முனை மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மெதுவாக இழுங்கள். அன்றைய தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரத்தில் கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் அந்தத் தேதியையும், புல்லில் உட்கார்ந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.